“ஆர்பிஐ அப்ரூவ்டு கம்பெனிங்க சார்!” – புது ஹோம் லோன் கம்பெனியில கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி



போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சேலத்துல இருக்கிற என் ஆபீஸுக்கு ராசிபுரத்துல இருந்து ஒரு தம்பி வந்தாரு. வயசு 29. தனியார் கம்பெனியில வேலை, கைக்கு வர்ற சம்பளம் 46,000. மனைவி ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர், அவங்களுக்கு 18,000. டிடிசிபி அப்ரூவல் இருக்கிற மனையில 32 லட்சத்துக்கு வீடு பார்த்து வச்சிருந்தாங்க. 25 லட்சம் கடன் வேணும்.

பேங்க்ல ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மொபைல் ஃபோன் ஈஎம்ஐயைத் தொடர்ந்து நாலு மாசம் கட்டாம விட்டது சிபில் ஸ்கோர்ல உட்கார்ந்திருக்கு. இந்த நேரத்துல, நாமக்கல்ல புதுசா பிராஞ்ச் திறந்த ஒரு வீட்டுக்கடன் கம்பெனி, நாலே நாள்ல சாங்ஷன் லெட்டர் கொடுத்துட்டாங்க.

“திங்கக்கிழமை கையெழுத்துங்கண்ணா. கம்பெனி பேரை இதுக்கு முன்னாடி கேள்விப்பட்டதே இல்லை. கேட்டா, ‘ஆர்பிஐ அப்ரூவ்டு கம்பெனிங்க சார், கவர்ன்மென்ட் பாத்துட்டுதான் இருக்கு’ன்னு சொல்றாங்க. நம்பலாமாங்கண்ணா?”

நம்ம ஊர்ல இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வலி இருக்கு. 2012ல ஈமு கோழிக்குப் பணம் போட்டு ஏமாந்த குடும்பங்கள் ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் இன்னும் இருக்காங்க. அதனால “அப்ரூவ்டா?”ன்னு கேக்குறது தப்பே இல்லை. ஆனா அடுத்த கேள்வியை யாரும் கேக்குறதில்லை: யாரு அப்ரூவ் பண்ணாங்க, எதைப் பார்த்து பண்ணாங்க, அதனால எனக்கு என்ன பாதுகாப்பு?

அந்தத் தம்பிக்குச் சொன்னதை இன்னிக்கு உங்களுக்கும் சொல்றேன். கொஞ்சம் நீளம்தான். ஆனா 20 வருஷக் கடனுக்கு இருபது நிமிஷம் ஒதுக்கலாம்.

லாரிக்கு எஃப்.சி. மாதிரிதான் இதுவும்

நாமக்கல்காரங்களுக்கு இதை விளக்குறது சுலபம். லாரிக்கு ஆர்டிஓ ஆபீஸ்ல எஃப்.சி. கொடுப்பாங்க. பிரேக், லைட், டயர் எல்லாம் அந்த நாள்ல சரியா இருந்துச்சுன்னு அர்த்தம். அந்த லாரி இனிமேல் எங்கேயும் மோதாதுன்னு அர்த்தம் இல்லை. உள்ளே ஏத்துன சரக்குக்கு கேரண்டியும் இல்லை.

வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு ஆர்பிஐ கொடுக்கிற பதிவுச் சான்றிதழும் அப்படித்தான். 1987ம் வருஷத்து தேசிய வீட்டுவசதி வங்கிச் சட்டத்துல 29ஏ பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. அதுபடி சான்றிதழ் இல்லாம எந்தக் கம்பெனியும் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. ஆனா, கம்பெனியோட நிதி நிலைமைக்கு நாங்க பொறுப்பும் இல்லை, உத்தரவாதமும் இல்லைன்னு ஆர்பிஐ தெளிவா சொல்லிடுது. ‘அப்ரூவ்டு’ன்னு விளம்பரத்துல கொட்டை எழுத்துல போடுறவங்க, இந்த வரியை மட்டும் பொடி எழுத்துல போடுவாங்க.

யாரு கண்காணிக்கிறாங்க?

1988 ஜூலையில தேசிய வீட்டுவசதி வங்கி ஆரம்பிச்சாங்க. சுருக்கமா என்ஹெச்பி. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு மறுகடன் கொடுக்கிறதும் அவங்கதான், லைசன்ஸ் கொடுத்து கட்டுப்படுத்துறதும் அவங்கதான். கடன் கொடுத்தவரே போலீஸாவும் இருந்தா எப்படி? 2019 ஜூலை பட்ஜெட் உரையில நிர்மலா சீதாராமன் இந்த முரண்பாட்டைத்தான் சுட்டிக்காட்டி, அதிகாரத்தை ஆர்பிஐக்கு மாத்துறதா அறிவிச்சாங்க. 2019 ஆகஸ்ட் 9ல இருந்து அது அமலுக்கு வந்துச்சு. அதே வருஷம் மார்ச்ல, என்ஹெச்பியில தன்கிட்ட இருந்த மொத்தப் பங்கையும் ஆர்பிஐ மத்திய அரசுக்கு 1,450 கோடி ரூபாய்க்குக் கொடுத்துடுச்சு. இப்போ என்ஹெச்பி முழுக்க முழுக்க அரசு நிறுவனம்.

இப்போதைய நிலைமை இதுதான்:

– லைசன்ஸ் கொடுக்கிறது, விதி போடுறது, அபராதம் விதிக்கிறது, தேவைப்பட்டா போர்டையே கலைக்கிறது: ஆர்பிஐ.

– நேர்ல போய் கணக்கைத் திறந்து பார்க்கிறது, வாடிக்கையாளர் புகாரை வாங்குறது: என்ஹெச்பி.

எஃப்.சி. கொடுக்கிறவர் ஒருத்தர், ரோட்டுல நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்க்கிறவர் இன்னொருத்தர். இந்தப் பிரிவை ஞாபகம் வச்சுக்கோங்க. புகார் கொடுக்கிற இடத்துக்கு வரும்போது இதுதான் முக்கியம்.

புதுக் கம்பெனிக்கு என்ன தகுதி கேக்குறாங்க?

2020 அக்டோபர் 22ல ஆர்பிஐ விதிகளை இறுக்குச்சு. வீட்டுக்கடன் நிறுவனத்துக்குக் குறைந்தபட்ச சொந்த நிதி 10 கோடியில இருந்து 20 கோடி ஆச்சு. ஏற்கனவே இருந்த கம்பெனிகளுக்கு 2023 மார்ச் 31 வரை டைம் கொடுத்தாங்க.

20 கோடின்னா பெரிய தொகையாத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்க. ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தா, 80 பேருக்குக் கொடுத்ததும் அந்த 20 கோடி காலி. ராசிபுரத்துல நாலு தெரு. மீதிப் பணத்தைக் கம்பெனி பேங்க்ல, என்ஹெச்பியில, கடன் பத்திரத்துல வாங்கித்தான் உங்களுக்குக் கொடுக்கணும். பேங்க்குக்கு உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட் பணம் குறைஞ்ச வட்டிக்குக் கிடைக்குது. இவங்களுக்கு அது இல்லை. இவங்க வட்டி அதிகமா இருக்கிறதுக்கு ஒரு காரணம் இதுதான். இன்னொரு காரணம், பேங்க் வேண்டாம்னு சொன்ன ஆளுங்களுக்கு இவங்க ரிஸ்க் எடுத்துக் கொடுக்கிறாங்க.

அதே 2020 விதியில இன்னொண்ணும் இருக்கு. வீட்டுக்கடன் நிறுவனம்னு பேர் வச்சுக்கிட்டு பில்டருக்கே பணத்தைக் கொட்டக் கூடாது. மொத்த சொத்துல 60 சதவீதமாவது வீட்டுக்கடனா இருக்கணும். 50 சதவீதமாவது தனிநபர்களுக்குக் கொடுத்ததா இருக்கணும். 2024 மார்ச் 31க்குள்ள இதை எட்டியிருக்கணும். அப்புறம், ரிஸ்க் கணக்குல வர்ற ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 15 ரூபாய் மூலதனம் இருக்கணும்.

கண்காணிப்பு இருந்தும் விழுந்த கதை

டிஹெச்எஃப்எல் ஞாபகம் இருக்கா? 1984ல ஆரம்பிச்ச கம்பெனி. 2019 தொடக்கம் வரைக்கும் டிரிபிள் ஏ ரேட்டிங். அதே 2019 ஜூன்ல கடன் பத்திர வட்டியைக் கட்ட முடியாம நின்னுச்சு. நவம்பர் 20ல ஆர்பிஐ போர்டைக் கலைச்சு, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியோட முன்னாள் தலைவர் ஆர். சுப்பிரமணியகுமாரை நிர்வாகியா போட்டாங்க. திவால் சட்டத்துக்குக் கீழே போன முதல் நிதி நிறுவனம் இதுதான். கடைசியில 2021 செப்டம்பர்ல 34,250 கோடி ரூபாய்க்கு பிராமல் குழுமம் எடுத்துக்கிச்சு.

இது பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2025 ஜனவரி 27ல அவியோம் இந்தியா ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியோட போர்டை ஆர்பிஐ கலைச்சது. நிர்வாகத்துல கோளாறு, கட்ட வேண்டிய கடனைக் கட்டலைன்னு காரணம் சொன்னாங்க. பரிந்துரை பண்ணது என்ஹெச்பி. அந்தக் கம்பெனியும் சான்றிதழ் வாங்கின கம்பெனிதான்.

இங்கே நீங்க கவனிக்க வேண்டியது: கம்பெனி விழுந்தா யாருக்கு என்ன ஆகும்?

டிஹெச்எஃப்எல்ல ஃபிக்சட் டெபாசிட் போட்டவங்களுக்கு மொத்தமா பார்த்தா போட்ட பணத்துல ஒரு பகுதிதான் திரும்ப வந்துச்சு. பேங்க் டெபாசிட்டுக்கு இருக்கிற 5 லட்சம் ரூபாய் இன்ஷூரன்ஸ் வீட்டுக்கடன் நிறுவன டெபாசிட்டுக்குக் கிடையாது. அரை சதவீதம் வட்டி அதிகமா தர்றாங்கன்னு அப்பாவோட ரிட்டையர்மென்ட் பணத்தைப் போடுறதுக்கு முன்னாடி இதை யோசிங்க. அதுவும் எல்லா வீட்டுக்கடன் நிறுவனமும் டெபாசிட் வாங்க முடியாது. சான்றிதழ்லயே அதுக்குத் தனி அனுமதி இருக்கணும்.

கடன் வாங்கினவங்களுக்கு? கடன் ரத்தாகாது. ஈஎம்ஐ நிக்காது. உங்க கடன் ஒரு சொத்தா வேற கம்பெனிக்குக் கைமாறும், நீங்க அவங்களுக்குக் கட்டுவீங்க. “கம்பெனியே போச்சு, எதுக்குக் கட்டணும்”னு விட்டா, அடி உங்க சிபில்லதான் விழும். உங்களுக்கு உண்மையான கவலை ரெண்டுதான்: ஒரிஜினல் பத்திரம் எங்கே இருக்கு, கட்டின பணத்துக்குக் கணக்கு சரியா இருக்கா. அதனால வருஷா வருஷம் லோன் ஸ்டேட்மென்ட் வாங்கி வைங்க. பத்திரம் ஒப்படைச்சதுக்கு, ஒவ்வொரு டாக்குமென்ட்டா எழுதின பட்டியல்ல கம்பெனி சீலோட ஒப்புகை வாங்கி வைங்க.

பேங்க்குக்கும் இவங்களுக்கும் இருக்கிற பெரிய வித்தியாசம்

2019 அக்டோபர் 1ல இருந்து பேங்க்குகள் கொடுக்கிற புது ஃப்ளோட்டிங் ஹோம் லோனை ரெப்போ மாதிரி ஒரு வெளி அளவுகோலோட கட்டி வைக்கணும். ரெப்போ இறங்கினா உங்க வட்டியும் இறங்கும். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு இந்த விதி கிடையாது. அவங்க தங்களோட சொந்த அடிப்படை வட்டியை வச்சுக்குவாங்க. எப்போ குறைக்கணும்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க.

2025ல மட்டும் ரெப்போ 6.50ல இருந்து 5.25க்கு வந்துச்சு. நீங்க வீட்டுக்கடன் நிறுவனத்துல கடன் வச்சிருந்தா, உங்க வட்டி எவ்வளவு இறங்குச்சுன்னு இன்னிக்கே ஸ்டேட்மென்ட்ல பாருங்க. பல இடத்துல பழைய கஸ்டமர் கேட்டாதான் குறைப்பாங்க, அதுக்கு ஒரு கன்வர்ஷன் ஃபீஸும் வாங்குவாங்க.

ஏறும்போது என்ன ஆகும்? 25 லட்சம், 8.5 சதவீதம், 20 வருஷம்னா ஈஎம்ஐ 21,696. வட்டி ஆரம்பத்துலயே ஒரு சதவீதம் ஏறிடுச்சு, ஈஎம்ஐயை மாத்தாம விட்டுட்டாங்கன்னு வைங்க. 240 மாசத்துல முடிய வேண்டிய கடன் கிட்டத்தட்ட 309 மாசம் ஓடும். அஞ்சே முக்கால் வருஷம் கூடுதல். உங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் மட்டும் வரும். இதுக்காகத்தான் 2023 ஆகஸ்ட் 18ல ஆர்பிஐ ஒரு உத்தரவு போட்டுச்சு. வட்டி மாறும்போது ஈஎம்ஐயை ஏத்தணுமா, காலத்தை நீட்டணுமா, கொஞ்சம் அசலைக் கட்டிக் குறைக்கணுமான்னு தேர்ந்தெடுக்கிற உரிமை உங்களோடது. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

சட்டம் உங்க கையில கொடுத்திருக்கிற ஆயுதங்கள்

1. கேஎஃப்எஸ் தாள். 2024 அக்டோபர் 1ல இருந்து, புது ரீட்டெயில் கடன் எல்லாத்துக்கும் முக்கியத் தகவல் அறிக்கை கொடுத்தே ஆகணும். உங்களுக்குப் புரியிற மொழியில இருக்கணும். எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த வருஷ வட்டி அதுல இருக்கணும். அதுல எழுதாத கட்டணத்தை உங்க சம்மதம் இல்லாம பின்னாடி வாங்க முடியாது. தாளைக் கொடுத்த பிறகு குறைஞ்சது மூணு வேலை நாளாவது உங்களுக்கு யோசிக்க டைம் உண்டு. “இன்னிக்கே கையெழுத்து போட்டாதான் இந்த ரேட்”னு யாராவது அவசரப்படுத்தினா, இந்த மூணு நாளை ஞாபகப்படுத்துங்க.

2. முன்கூட்டியே அடைக்க அபராதம் இல்லை. தனிநபர் வாங்கின ஃப்ளோட்டிங் வீட்டுக்கடனை முன்னாடியே முடிச்சா கட்டணம் கிடையாது. வேற பேங்க்குக்கு மாத்தினாலும் கிடையாது. ஃபிக்சட்னா கதை வேற. அதனால உங்க அக்ரிமென்ட்ல எந்த வார்த்தை இருக்குன்னு பாருங்க.

3. பணம் கைக்கு வந்த நாள்ல இருந்துதான் வட்டி. அக்ரிமென்ட் போட்ட தேதியில இருந்து வட்டி போடுறது, செக்கை எழுதி டிராயர்ல வச்சுட்டு அன்னைக்கே மீட்டரை ஓட விடுறது – இதெல்லாம் நியாயமில்லைன்னு 2024 ஏப்ரல் 29ல ஆர்பிஐ சொல்லிடுச்சு.

4. பத்திரம் 30 நாள்ல திரும்ப வரணும். 2023 டிசம்பர் 1க்கு அப்புறம் பத்திரம் திரும்ப வர வேண்டிய கடன்களுக்கு, முழுசா கட்டி முடிச்ச 30 நாளைக்குள்ள ஒரிஜினலைக் கொடுக்கணும். அவங்க தப்பால தாமதமானா நாளைக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரணும். அப்படியே சார் பதிவாளர் ஆபீஸ்ல போட்ட எம்ஓடியை ரத்து பண்ணி, வில்லங்கச் சான்றுல அது பதிவாயிடுச்சான்னும் பார்த்துடுங்க.

5. ஏலத்துக்கும் ஒரு முறை இருக்கு. கட்ட முடியாம போனா சர்ஃபேசி சட்டப்படி முதல்ல 60 நாள் நோட்டீஸ். அதுக்கு நீங்க எழுத்துல பதில் கொடுக்கலாம். வீட்டை எடுக்கிற நடவடிக்கை ஆரம்பிச்சா 45 நாளைக்குள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2021 ஜூன்ல இருந்து 100 கோடிக்கு மேல சொத்து இருக்கிற வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும் இந்தச் சட்ட அதிகாரம் உண்டு. வீட்டு வாசல்ல வந்து கத்துற வசூல் பையனுக்கு எந்தச் சட்டத்துலயும் அதிகாரம் இல்லை.

புகார்: எல்லாரும் தப்பான கதவைத் தட்டுற இடம்

கோபத்துல நேரா ஆர்பிஐ ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதுவோம். 2021ல வந்த ஒருங்கிணைந்த ஆம்பட்ஸ்மேன் திட்டத்துல வீட்டுக்கடன் நிறுவனங்களைச் சேர்க்கலை. புகார் திரும்பி வந்துடும், உங்களுக்கு மாசங்கள் வீணாகும்.

சரியான வழி: முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துல அல்லது மெயில்ல கொடுங்க. அவர் பேர், நம்பர் பிராஞ்ச் சுவத்துல ஒட்டியிருக்கணும். ஒரு மாசத்துல தீரலைன்னா, என்ஹெச்பியோட கிரிட்ஸ் தளத்துல பதிவு பண்ணுங்க. ஃபோன்ல பேசினது புகார் இல்லை. மெயில்தான் புகார்.

தம்பி என்ன பண்ணாரு?

அன்னிக்கு சாயங்காலமே ஆர்பிஐ தளத்துல இருக்கிற வீட்டுக்கடன் நிறுவனங்கள் பட்டியல்ல அந்தக் கம்பெனி பேரைத் தேடினோம். இருந்துச்சு. ஏஜென்ட் கார்டுல இருந்த பேரும், பட்டியல்ல இருந்த பேரும், சாங்ஷன் லெட்டர்ல இருந்த பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு பார்த்தோம். இதை நீங்களும் செய்யுங்க. ஒரு வார்த்தை மாறினாலும் அது வேற கம்பெனி.

அடுத்து, கேஎஃப்எஸ் கேட்கச் சொன்னேன். திங்கக்கிழமை கையெழுத்து போடாம, தாளை வாங்கிட்டு வந்தாரு. ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. வட்டி 11.5 சதவீதம், ஈஎம்ஐ 26,661. இதே கடன் 8.5க்குக் கிடைச்சிருந்தா மாசம் 4,965 கம்மி. 20 வருஷத்துல கிட்டத்தட்ட 11.9 லட்சம். நாலு மாச மொபைல் ஈஎம்ஐயோட விலை இது. படிக்கிற தம்பி தங்கச்சிங்க இந்த வரியை இன்னொரு தடவை படிச்சுக்கோங்க.

ரெண்டாவது, 68,000 ரூபாய்க்கு ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசியைக் கடனோடயே சேர்த்திருந்தாங்க. அதையும் 11.5க்கு 20 வருஷம் கட்டினா 1.74 லட்சம் ஆகும். “கம்பல்சரி சார்”னு பிராஞ்ச்ல சொன்னாங்களாம். “கம்பல்சரின்னு எழுத்துல மெயில் அனுப்புங்க”ன்னு கேட்டாரு. மறுநாள் பாலிசி காணாம போச்சு. அவர் வெளியில தனியா ஒரு டேர்ம் பாலிசி எடுத்துக்கிட்டாரு. வீட்டுக்கடன் இருக்கிறவங்களுக்கு அது அவசியம், விட்டுடாதீங்க.

கடனை அங்கேயேதான் வாங்கினாரு. நான் வேண்டாம்னு சொல்லலை. ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்தா 64,000. ஈஎம்ஐ அதுல 42 சதவீதத்துக்குள்ள வருது. இறுக்கம்தான், ஆனா தாங்கலாம். அக்ரிமென்ட் ஃப்ளோட்டிங்தான்னு உறுதி பண்ணிக்கிட்டோம். ரெண்டு வருஷம் ஒழுங்கா கட்டி ஸ்கோரைச் சரி பண்ணிட்டு, அபராதம் இல்லாம பேங்க்குக்கு மாத்திக்கிறதுதான் திட்டம்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி. அக்ரிமென்ட் போட்டு 12 நாள் கழிச்சுத்தான் செக் கொடுத்தாங்க. முதல் ஸ்டேட்மென்ட்ல பார்த்தா அந்த 12 நாளைக்கும் வட்டி, 9,452 ரூபாய். ஆர்பிஐயோட 2024 சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு மூணே வரியில ஒரு மெயில். 19வது நாள் பணம் அக்கவுண்ட்ல திரும்ப வந்துடுச்சு. என்ஹெச்பி வரைக்கும் போகவே வேண்டியதில்லை.

மேல ஆர்பிஐ இருக்கு, என்ஹெச்பி இருக்கு. உண்மைதான். ஆனா ராசிபுரத்துல ஒரு வீட்டோட 9,452 ரூபாயை டெல்லியில இருந்து யாரும் தேடி வந்து பார்க்கப் போறதில்லை. விதி அவங்க போட்டது. ஸ்டேட்மென்ட்டைப் பிரிச்சுப் பார்த்து அந்த விதியைக் கேட்டு வாங்குறது நம்ம வேலை.

கேஎஃப்எஸ் தாளை வரி வரியா எப்படிப் படிக்கிறதுன்னு நம்ம சேனல்ல அடுத்த வீடியோவுல போடுறேன். அதுக்குள்ள உங்க லோன் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, பணம் கைக்கு வந்த தேதியையும் வட்டி ஆரம்பிச்ச தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இல்லைன்னா, இன்னிக்கே ஒரு மெயில் தட்டி விடுங்க.